ஐந்து கிலோ கோடு: 2023-24 குளிர்காலத்தில் அமெரிக்காவில் ஏற்பட்ட நிர்செவிமாப் தட்டுப்பாடு – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஆர்.எஸ்.வி. என்ற மூச்சுப்பாதை வைரஸிலிருந்து கைக்குழந்தைகளைக் காக்கும் ஊசி நிர்செவிமாப். பெரியவர்களுக்கு ஆர்.எஸ்.வி. வெறும் ஜலதோஷம்தான். மூக்கு ஒழுகும், தொண்டை கரகரக்கும், ஒரு வாரத்தில் போய்விடும். அதே வைரஸ் இரண்டு மாதக் குழந்தையின் நுரையீரலுக்குள் இறங்கினால் மூச்சுச் சிறுகுழாய்கள் வீங்கி, சளியால் அடைபட்டுவிடும். குழந்தை பால் குடிக்கத் திணறும். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிந்து உள்ளே போகும். அமெரிக்காவில் ஆண்டுதோறும் 5 வயதுக்கு உட்பட்ட 58,000 முதல் 80,000 குழந்தைகள் இதனால் மருத்துவமனையில் சேர்கிறார்கள். 100 முதல் 300 பேர் இறக்கிறார்கள். சேர்க்கப்படும் 2 வயதுக்கு உட்பட்டவர்களில் சுமார் 79 சதவீதம் பேருக்கு வேறு எந்த நோயும் கிடையாது. ஆகவே குறைமாதக் குழந்தை, இதயக் கோளாறு உள்ள குழந்தை என்று பொறுக்கியெடுத்துப் பாதுகாத்தால், படுக்கைகளை நிரப்பும் குழந்தைகளில் பெரும்பாலோர் விடுபட்டுப்போவார்கள்.

வழக்கமான ஜலதோஷ வைரஸ்களில் ஆர்.எஸ்.வி.க்கு மட்டும் ஆன்டிபாடி மருந்து, அதாவது வைரஸைப் பிடித்துத் தடுக்கும் புரதம், வந்ததற்குக் காரணம் உண்டு. ஜலதோஷத்துக்கு முதல் காரணமான ரைனோ வைரஸில் 160க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. ஒன்றைப் பிடிக்கும் ஆன்டிபாடி அடுத்ததை விட்டுவிடும். ஆர்.எஸ்.வி.யில் ஏ, பி என்று இரண்டே பிரிவுகள். உயிரணுவுக்குள் நுழைய அது பயன்படுத்தும் எஃப் புரதம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. அந்தப் புரதத்தைப் பிடித்துவிட்டால் போதும்.

ஆனால் முன்கூட்டியே பிடிக்க வேண்டும். நோய் முற்றி வென்டிலேட்டரில் கிடந்த குழந்தைகளுக்குப் பழைய ஆன்டிபாடியான பாலிவிசுமாபைக் கொடுத்துப் பார்த்தபோது மூச்சுக்குழாய்ச் சளியில் வைரஸின் அளவு இறங்கியது. குழந்தையின் நிலை தேறவில்லை. அதற்குள் வீக்கமும் அடைப்பும் வைரஸின் தயவு இல்லாமலே நடக்கத் தொடங்கிவிடுகின்றன. அதனால் இந்த மருந்துகளை நோய் வந்தபின் கொடுக்கும் சிகிச்சையாகக் கருதக் கூடாது. சீசனுக்கு, அதாவது ஆர்.எஸ்.வி. பரவும் குளிர்காலத்துக்கு, முன் உடலில் ஏற்றி வைக்கும் காவல் இவை.

1998இல் அனுமதி பெற்ற பாலிவிசுமாபைக் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் மாதம் ஒரு முறை, ஒரு சீசனுக்கு 5 ஊசி போட வேண்டியிருந்தது. விலையும் அலைச்சலும் காரணமாக அது அதிக ஆபத்துள்ள குழந்தைகளோடு நின்றுவிட்டது. அதன்பின் வந்தது நிர்செவிமாப். பெய்ஃபோர்டஸ் என்ற பெயரில் விற்கப்படுகிறது. எஃப் புரதம் உயிரணுவோடு இணைவதற்கு முன் இருக்கும் வடிவத்தைப் பிடிக்கும் டி25 என்ற ஆன்டிபாடியிலிருந்து இது உருவாக்கப்பட்டது. அதன் வால் பகுதியில் மூன்று அமினோ அமிலங்களை மாற்றியதால் உடல் அதைச் சீக்கிரம் சிதைப்பதில்லை. இதன் அரை ஆயுள், அதாவது உடலில் மருந்தின் அளவு பாதியாகக் குறையும் காலம், சுமார் 70 நாள். பாலிவிசுமாபுக்கு 20 நாள் அளவில்தான். ஒரே ஊசி, ஒரு சீசன் முழுக்கத் தாங்கும்.

எடைக் கோடு வந்த விதம்

பின்னால் நடந்த குழப்பத்தின் வேர் ஒரு மருந்தியல் முடிவில் இருக்கிறது. குறைமாதக் குழந்தைகளிடம் நடந்த இரண்டாம் கட்ட ஆய்வில் எடை பார்க்காமல் எல்லோருக்கும் 50 மி.கி. போட்டார்கள். 5 கிலோவும் அதற்கு மேலும் இருந்த குழந்தைகளில் இரத்தத்தில் மருந்தின் அளவு குறைந்து, பாதுகாப்பும் குறைந்தது. அடுத்த ஆய்வில் 5 கிலோவுக்குக் கீழே 50 மி.கி., 5 கிலோவிலிருந்து 100 மி.கி. என்று கோடு கிழித்தார்கள். அனுமதியும் அப்படியே கிடைத்தது. இரண்டாவது சீசனைச் சந்திக்கும் அதிக ஆபத்துள்ள குழந்தைக்கு 200 மி.கி.; அதாவது 100 மி.கி. சிரிஞ்சு இரண்டு.

இரண்டும் முன்கூட்டியே நிரப்பிய சிரிஞ்சுகள். 50 மி.கி.யின் தள்ளுதண்டு ஊதா நிறம், உள்ளே 0.5 மி.லி. 100 மி.கி.யின் தண்டு வெளிர் நீலம், 1 மி.லி. செறிவு ஒன்றே. பில்லிங் கணக்குக் குறியீடு மட்டும் வேறு: முன்னதற்கு 90380, பின்னதற்கு 90381. ஒரே மருந்து என்றாலும் குளிர்பெட்டியில் இரண்டு தனிச் சரக்குகள். ஒன்று தீர்ந்தால் மற்றது கைகொடுக்காது.

நடந்தவை: ஜூலை முதல் அக்டோபர் வரை

2023 ஜூலை 17 அன்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. ஆகஸ்ட் 3 அன்று நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின், அதாவது சி.டி.சி.யின், ஆலோசனைக் குழு பரிந்துரைத்தது: 8 மாதத்துக்கு உட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரு டோஸ், 8 முதல் 19 மாதம் வரை அதிக ஆபத்துள்ளவர்களுக்கும் ஒரு டோஸ். ஆன்டிபாடியாக இருந்தும், ஏழைக் குழந்தைகளுக்கு இலவசமாகத் தடுப்பூசி தரும் அரசுத் திட்டத்தில் இதைச் சேர்த்தார்கள். அனுமதிக்கும் சீசனுக்கும் நடுவே இருந்தது இரண்டரை மாதம். செப்டம்பர் 5 அன்றே தென்கிழக்கு மாநிலங்களில் ஆர்.எஸ்.வி. ஏறத் தொடங்கிவிட்டதாக சி.டி.சி. எச்சரித்தது.

கிளினிக்குகளின் முதல் கவலை பணம். அப்போது தனியார் விலை டோஸுக்கு 495 டாலர். 100 குழந்தைகளுக்கு வாங்கி வைக்க ஒரு சிறு கிளினிக் 49,500 டாலரை முதலில் கையிலிருந்து போட வேண்டும். காப்பீட்டுப் பணம் பிறகுதான் வரும், வருமா என்பதும் அப்போது எல்லா நிறுவனங்களிலும் உறுதியாகவில்லை. பிரசவ மருத்துவமனைகளின் சிக்கல் வேறு. பிரசவத்துக்கென்று மொத்தமாக ஒரு தொகை கிடைக்கும். அதற்குள் இந்த ஊசியும் அடங்கிவிட்டால் நஷ்டம். இலவசத் திட்டத்தில் பதிவு செய்திருந்த பிரசவ மருத்துவமனைகளும் குறைவு. இதன் விளைவாக, பிறந்த இடத்திலேயே போட்டு அனுப்பியிருக்க வேண்டிய குழந்தைகளில் பலர் ஊசி இல்லாமல் வீடு திரும்பி, கிளினிக் வரிசையில் சேர்ந்தார்கள்.

அக்டோபரில் வரிசை கூடியது, 100 மி.கி. தீர்ந்தது. அந்த அளவுக்குப் புது ஆர்டர் வாங்குவதைத் தயாரிப்பாளர் நிறுத்தினார். எதிர்பார்த்ததைவிடத் தேவை அதிகம் என்று விளக்கம் வந்தது. தேவை மொத்தத்தில் அதிகம்தான். ஆனால் எந்த அளவு முதலில் தீரும் என்பதை ஒரு காகிதத் துண்டில் கணக்கிட்டிருக்கலாம்.

அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 36 லட்சம் பிறப்புகள். மாதத்துக்கு 3 லட்சம். அக்டோபர் 1 அன்று 8 மாதத்துக்கு உட்பட்டவர்கள் பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை பிறந்த 24 லட்சம் பேர். சராசரிக் குழந்தை ஏறத்தாழ இரண்டு மாதத்தில் 5 கிலோவைத் தொடும். ஆக, ஆகஸ்ட், செப்டம்பரில் பிறந்த 6 லட்சம் பேரைக் கழித்தால் மீதி 18 லட்சம் பேருக்கு வேண்டியது 100 மி.கி.; அத்தனை பேரும் அக்டோபரின் முதல் வாரங்களிலேயே தகுதி பெறுகிறார்கள். 50 மி.கி.யின் தேவையோ அக்டோபர் முதல் மார்ச் வரை பிறக்கப்போகும் 18 லட்சம் பேரோடு சேர்ந்து மாதாமாதம் பரவலாக வரும். எல்லாப் பெற்றோரும் சம்மதிக்க மாட்டார்கள், சில தாய்மார்கள் கர்ப்பத்திலேயே தடுப்பூசி போட்டிருப்பார்கள் என்று பாதியாகக் குறைத்தாலும் விகிதம் மாறாது. நீலத் தண்டு முன்னால் குவியும், ஊதாத் தண்டு நீண்டு போகும்.

அக்டோபர் 23 முடிவுகளும் காரணங்களும்

அன்று சி.டி.சி. நாடு முழுவதும் இடைக்கால வழிகாட்டுதலை அனுப்பியது. அதன் ஒவ்வொரு வரியும் ஒரு பங்கீட்டு முடிவு.

5 கிலோவுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்கு மாற்றம் இல்லை: 50 மி.கி. போடலாம். 5 கிலோவும் மேலும் உள்ளவர்களில் 100 மி.கி. முதலில் 6 மாதத்துக்கு உட்பட்டவர்களுக்கு. வயது குறையக் குறைய மருத்துவமனையில் சேரும் ஆபத்து ஏறும் என்பதே காரணம். அமெரிக்கப் பழங்குடியினர், அலாஸ்கா பூர்வகுடியினர் குழந்தைகளுக்கு 8 மாதம் வரை; அவர்களிடையே கடும் ஆர்.எஸ்.வி. அதிகம். மற்றவர்களில் 6 முதல் 8 மாதத்துக்குள், 29 வாரத்துக்கு முன் பிறந்தவர்கள், குறைமாதப் பிறப்பால் நுரையீரல் பாதிக்கப்பட்டவர்கள், இரத்த ஓட்டத்தைப் பாதிக்கும் இதயக் கோளாறு உள்ளவர்கள், எதிர்ப்புசக்தி மிகக் குன்றியவர்கள் முதலானோருக்கு மட்டும்.

பாலிவிசுமாபுக்குத் தகுதியுள்ள 8 முதல் 19 மாதக் குழந்தைகளுக்கு அந்த சீசன் முழுக்க நிர்செவிமாப் நிறுத்தம். பழைய மருந்துக்குத் திரும்பச் சொன்னார்கள். இந்த வரியைக் கண்டு பல பெற்றோர் வருந்தினார்கள், ஆனால் கணக்கு தெளிவானது. அந்தக் குழந்தை ஒன்றுக்கு நீலத் தண்டு இரண்டு வேண்டும். அதை நிறுத்தினால் இரண்டு கைக்குழந்தைகளுக்குக் கிடைக்கும். மேலும் அந்தக் குழந்தைக்கு அப்போது மாற்று மருந்து இருந்தது, கைக்குழந்தைகளில் பெரும்பாலோருக்கு இல்லை. விதிவிலக்கு ஒன்றும் வைத்தார்கள்: பாலிவிசுமாபுக்குத் தகுதி இல்லாத, எட்டாத ஊர்களில் வாழும் பூர்வகுடிக் குழந்தைகளுக்குத் தொடர்ந்து போடலாம். மூச்சு முட்டிய குழந்தையைப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசேர்ப்பதே அங்கே பெரும்பாடு.

அதிகம் விவாதிக்கப்பட்டது கடைசி வரி. 5 கிலோவுக்கு மேற்பட்ட குழந்தைக்கு 50 மி.கி. இரண்டைச் சேர்த்துப் போட வேண்டாம் என்றது வழிகாட்டுதல். செறிவு ஒன்றே என்பதால் மருந்தியல் ரீதியாக இரண்டு ஊதா ஒரு நீலத்துக்குச் சமம்தான். பாதுகாப்புச் சிக்கல் எதுவும் இல்லை. தடுத்தது வேறு கணக்கு: ஒரு ஆறு மாதக் குழந்தைக்கு இரண்டு ஊதாவைச் செலவழித்தால், டிசம்பரில் பிறக்கும் இரண்டு பச்சிளங்குழந்தைகளுக்கு இருக்காது, ஆபத்தும் அவர்களுக்கே அதிகம். காப்பீட்டு நிறுவனம் ஒரே குழந்தைக்கு இரண்டு டோஸுக்குப் பணம் தர மறுக்கலாம் என்பதையும் சி.டி.சி. எழுத்தில் குறிப்பிட்டிருந்தது.

கூடவே, 32 வாரம் முதல் 36 வாரம் 6 நாள் வரையிலான கர்ப்பிணிகளுக்கு ஆர்.எஸ்.வி.க்கு எதிரான அப்ரிஸ்வோ தடுப்பூசியை வலியுறுத்தச் சொன்னார்கள். பிரசவத்துக்குக் குறைந்தது 14 நாள் முன் தாய் போட்டிருந்தால் குழந்தைக்குப் பொதுவாக நிர்செவிமாப் தேவையில்லை. ஒவ்வொரு தாயும் ஒரு ஊதாவை மிச்சப்படுத்துவார்.

கிளினிக் மேசையில் இந்த முடிவுகள்

எடைத் தராசுதான் இங்கே மையக் கருவி. 4.7 கிலோ குழந்தை ஒன்று தடுப்பூசிக்காக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கைக்குழந்தை நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறும். இன்று போட்டால் ஊதாத் தண்டு, கையிருப்பில் உண்டு. “அடுத்த முறை பார்க்கலாம்” என்று இரண்டு வாரம் தள்ளினால் குழந்தை கோட்டைத் தாண்டிவிடக்கூடும். இல்லாத நீலத்துக்கான பட்டியலில் பெயர் ஏறும். அதனால் தட்டுப்பாட்டில் பலன் தரும் வழி, ஆறு, ஏழு வாரக் குழந்தைகளை இரண்டு மாதத் தடுப்பூசிக்காகக் காக்க வைக்காமல் முன்கூட்டியே அழைப்பது. ஐந்து நிமிட வேலைக்குத் தனி நேரம் ஒதுக்குவது வரவேற்பு மேசைக்குப் பிடிக்காது. ஆனால் இதைச் செய்யாவிட்டால் கோட்டின் வலப்பக்கம் தானாகப் பெருகும்.

எடையை அன்றே, உடையும் டயப்பரும் இல்லாமல் பார்க்க வேண்டும். போன வார எடையை அட்டையிலிருந்து எடுத்தால் 4.9 என்று எழுதியிருக்கும், தராசில் 5.1 இருக்கும். ஈர டயப்பர் ஒன்றே 100 கிராமைக் கூட்டிக் காட்டக்கூடும். இரண்டு திசையிலும் தவறலாம்.

மற்றவை வழக்கமானவை. சிரிஞ்சை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில், வெளிச்சம் படாமல் அட்டைப்பெட்டிக்குள்ளேயே வைக்க வேண்டும். உறையவிடக் கூடாது, குலுக்கக் கூடாது. அறை வெப்பத்தில் 8 மணி நேரம் வரை தாங்கும், அதற்குமேல் இருந்ததை எறிந்துவிட வேண்டும். தட்டுப்பாட்டில் ஒரு நீலம் இப்படி வீணாவது வலிக்கும். அதனால் காலையில் மொத்தமாக வெளியே எடுத்து வைக்காமல், குழந்தை தராசில் ஏறியபின் எடுப்பதே சரி. ஊசி, தொடையின் முன்பக்க வெளிப்புறத் தசையில். அதே நாளில் மற்றத் தடுப்பூசிகளையும் வேறு இடத்தில் போடலாம்.

பாலிவிசுமாபுக்குத் திரும்பிய குழந்தைகளில் கணக்கு மறுபடி மாதாமாதம் எடையைப் பொறுத்தது. 8 கிலோவுக்கு 120 மி.கி., அதாவது 1.2 மி.லி.; ஒரே இடத்தில் 1 மி.லி.க்கு மேல் போடக் கூடாது என்பதால் இரண்டு ஊசி. முதல் சீசனில் உள்ள குழந்தைக்குப் பாலிவிசுமாபைத் தொடங்கியபின் நிர்செவிமாப் கிடைத்தால், 5 ஊசி முடியாத வரை அதை ஒரு டோஸ் போட்டுப் பாலிவிசுமாபை நிறுத்திவிடலாம்.

எதிர்பாராத தவறு ஒன்று மருந்துப் பெயர்களில் நடந்தது. அந்த ஆண்டே ஆர்.எஸ்.வி.க்கு எதிராக மூன்று பொருள்கள் ஒன்றாக வந்தன: குழந்தைக்கு நிர்செவிமாப், கர்ப்பிணிக்கும் முதியவருக்கும் அப்ரிஸ்வோ, முதியவருக்கு மட்டும் அரெக்ஸ்வி. குளிர்பெட்டியில் மூன்றுக்கும் “ஆர்.எஸ்.வி. ஊசி” என்றே பெயர். 2024 ஜனவரி 22 அன்று சி.டி.சி. வெளியிட்ட குறிப்பின்படி, குழந்தைகளுக்கு முதியோர் தடுப்பூசியையோ தாய்மார் தடுப்பூசியையோ தவறிப் போட்டதாக 25 அறிக்கைகளும், கர்ப்பிணிகளுக்கு அரெக்ஸ்வி போட்டதாக 128 அறிக்கைகளும் வந்திருந்தன. அப்படித் தவறியவர்களில் தகுதியுள்ள குழந்தைக்கு நிர்செவிமாப் போட்டுத்தான் ஆக வேண்டும். போட்டாயிற்று என்று கணினியில் பதிவாகிவிட்டால் யாரும் மறுபடி பார்க்க மாட்டார்கள்.

பின்னர் நடந்தவை

நவம்பர் 16 அன்று 77,000 கூடுதல் டோஸ்கள், எல்லாம் 100 மி.கி., விடுவிக்கப்பட்டன. மேலே சொன்ன 18 லட்சத்தோடு வைத்துப் பார்த்தால் நூற்றுக்கு நாலு. ஜனவரியில் மேலும் 2,30,000 வரும் என்று தெரிந்தபின், 2024 ஜனவரி 5 அன்று சி.டி.சி. இடைக்கால வழிகாட்டுதலை விலக்கி, ஆகஸ்ட் பரிந்துரைக்கே திரும்பியது. அதற்குள் டிசம்பரின் உச்சம் கடந்துவிட்டது. நோய் இறங்கத் தொடங்கியதும் முடிவுக்கு ஒரு காரணம்.

போட்டுக்கொண்டவர்களிடம் மருந்து ஏமாற்றவில்லை. 2023 அக்டோபர் முதல் 2024 பிப்ரவரி வரை மூச்சு நோயால் மருத்துவமனையில் சேர்ந்த 699 கைக்குழந்தைகளைப் பார்த்தபோது, ஆர்.எஸ்.வி. உறுதியான 407 பேரில் நிர்செவிமாப் பெற்றவர்கள் 6 பேர், ஆர்.எஸ்.வி. இல்லாத 292 பேரில் 53 பேர். மருத்துவமனைச் சேர்க்கையைத் தடுக்கும் திறன் 90 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். ஆனால் 699 பேரில் ஊசி பெற்றவர்கள் வெறும் 59 பேர், 8 சதவீதம். தட்டுப்பாட்டின் அளவு இந்த எண்ணில்தான் தெரிகிறது.

இதே குளிர்காலத்தில் ஸ்பெயினின் கலீசியா மாகாணம் செப்டம்பர் 25 அன்று தொடங்கி, டிசம்பர் இறுதிக்குள் தகுதியுள்ள 10,259 குழந்தைகளில் 9,408 பேருக்கு, 91.7 சதவீதத்துக்கு, போட்டு முடித்திருந்தது. மாகாணம் சிறியது, வாங்கியது ஒரே அரசு, கிளினிக் கையைவிட்டுப் பணம் போட வேண்டியதில்லை, பிரசவ மருத்துவமனையிலிருந்து வெளியேறும் முன்பே ஊசி. மருந்து ஒன்றே என்றாலும் இரண்டு நாடுகளையும் நேரடியாக ஒப்பிடுவது நியாயமில்லை. பிறந்த இடத்திலேயே போடுவது நடக்கக்கூடியது என்பதற்கு மட்டும் அது சாட்சி.

2024-25 சீசனில் அமெரிக்காவில் இருப்பு போதுமானதாக இருந்தது. 0 முதல் 7 மாதக் குழந்தைகளின் ஆர்.எஸ்.வி. மருத்துவமனைச் சேர்க்கை, 2018-20 சீசன்களோடு ஒப்பிட இரண்டு கண்காணிப்பு வலையமைப்புகளில் 43 சதவீதமும் 28 சதவீதமும் குறைந்தது. அதில் தாய்மார் தடுப்பூசியின் பங்கும் உண்டு.

எவை மாற வேண்டும்

கொள்முதலைத் தலை எண்ணிப் போடக் கூடாது. அக்டோபர் 1 அன்று யார் எத்தனை கிலோ இருப்பார்கள் என்று போட வேண்டும். ஒரு கிளினிக் தன் பதிவேட்டிலிருந்து பிப்ரவரி முதல் ஜூலை வரை பிறந்தவர்களை எண்ணி நீலத்தையும், ஆகஸ்ட் முதல் பிறந்தவர்களையும் வரப்போகும் பிரசவங்களையும் எண்ணி ஊதாவையும் கேட்கலாம். முதல் சரக்கில் நீலம் மூன்று பங்கு, ஊதா ஒரு பங்கு. நவம்பரிலிருந்து விகிதம் தலைகீழாகும்.

பிரசவ மருத்துவமனைகளில் ஊசிக்கான பணத்தைப் பிரசவத் தொகையிலிருந்து பிரித்துத் தர வேண்டும். மற்ற எல்லாத் திருத்தங்களையும்விட இதுவே அதிகக் குழந்தைகளைச் சென்றடையும். 3 கிலோ குழந்தைக்கு வீட்டுக்குப் போகும் முன்பே போட்டுவிட்டால் 5 கிலோ என்ற கேள்வியே எழாது.

கோடே இல்லாத மருந்தும் வந்துவிட்டது. 2025 ஜூன் 9 அன்று அனுமதி பெற்ற கிளெஸ்ரோவிமாப் முதல் சீசன் குழந்தைக்கு எடை எதுவாயினும் 105 மி.கி., 0.7 மி.லி., ஒரே சிரிஞ்சு. அளவு குழம்பாது, ஒரு சரக்கு தீர்ந்து மற்றது தேங்காது. இரண்டு தயாரிப்பாளர்கள் இருப்பதால் ஒருவர் தடுமாறினாலும் மற்றவர் இருப்பார். ஆனால் இரண்டாவது சீசன் குழந்தைக்கு அது அனுமதிக்கப்படவில்லை. 2023இல் அந்தக் குழந்தைகளைத் தாங்கிய பாலிவிசுமாபையும் 2025 டிசம்பர் 31க்குப் பின் நிறுத்துவதாக அதன் நிறுவனம் அறிவித்திருந்தது. இன்னொரு தட்டுப்பாடு வந்தால், இரண்டு நீலத் தண்டு கேட்கும் அந்தக் குழந்தைகளை எங்கே அனுப்புவது என்பதற்கு அக்டோபர் 23இன் விடை செல்லாது. அவர்களுக்கான 200 மி.கி.யைச் சீசனின் முதல் சரக்கிலேயே பெயர் எழுதி ஒதுக்கி வைப்பது ஒன்றே இப்போதைக்கு இருக்கும் வழி.